பொருள் விளங்கிய உருண்டை

"உங்கள் பையன் மூன்றாவது பீரியடிலேயே மேஜை மேல் தலை சாய்த்து விடுகிறான். ராத்திரி சரியாகத் தூங்குவதில்லையா?"

பள்ளிக்கூட டைரியில் டீச்சர் எழுதியிருந்த இந்த இரண்டு வரிகளைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் பெரியவன் ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தால் காலை ஆறரைக்குத்தான் எழுந்திருப்பான். அவனுக்குத் தூக்கக் குறைச்சலா? இது 2023-ம் வருஷம் ஜூலை மாதம் நடந்தது. அவன் அப்போது மூன்றாம் வகுப்பு.

கோபம் அடங்கியபின் பையனைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். தினம் பார்க்கிற முகம்தான். ஆனால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது வயிற்றில் பகீரென்றது. சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிப் போயிருந்தது.

மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. "அஞ்சு வயசிலேர்ந்து பதினொரு வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்குக் குறைஞ்சது 11.5 ஆவது இருக்கணும்மா" என்றார் டாக்டரம்மா. வீட்டில் அரிசிக்கும் பருப்புக்கும் பாலுக்கும் பஞ்சமில்லை. அப்படியிருக்க என் பிள்ளைக்கு ரத்தசோகையா? நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கூனிக் குறுகிப் போயிற்று.

இரும்புச்சத்து சிரப்பும், வயிற்றுப் பூச்சிக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பிறகு அவன் என்னென்ன சாப்பிடுகிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் டீ என்று நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எட்டு வயசுப் பையனுக்கு டீயா? சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க விடாம டீ தடுத்துடும்மா. முதல்ல அதை நிறுத்துங்க."

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியத்தை இன்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது. என் மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். 2021-ல் மாமனார் காலமான பிறகு லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருச்சிக்கு எங்களோடு வந்துவிட்டவர். காலையில் தன் டம்ளரிலிருந்து பேரனுக்கு அரை டம்ளர் டீ ஆற்றிக் கொடுப்பது அவர் பழக்கம். பாட்டியும் பேரனும் பேசிக்கொண்டு குடிப்பதை நானே எத்தனையோ நாள் ரசித்திருக்கிறேன். அன்றைக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று.

"எல்லாம் நீங்க குடுத்த டீயாலதான் அத்தை. புள்ளை ரத்தமே இல்லாம நிக்கிறான்!" என்று கத்திவிட்டேன்.

அவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. மறுநாள் காலை டீயைக் கொண்டுபோய் வைத்தபோது, "வேணாம் தாயி, நானும் நிறுத்திட்டேன்" என்றார். ஐம்பது வருஷத்துப் பழக்கம் அது.

அதற்கு அடுத்த நாள் பெரியவனுக்கு ஸ்நாக்ஸ் டப்பா கட்டிக் கொண்டிருந்தேன். அவன் பள்ளிக்கூடத்தில் பத்தே முக்காலுக்கு இடைவேளை. அதற்கென்று நான் தினமும் ஒரு 'சத்து பார்' வைப்பது வழக்கம். மேலே தானியக் கதிரும் தேன் சொட்டும் படமும் போட்ட பளபளா காகிதம். 'குழந்தைகளின் வளர்ச்சிக்கு' என்று வேறு போட்டிருக்கும். ஒரு வருஷமாக மாதாமாதம் மளிகைச் சாமானோடு வாங்கிக் கொண்டிருந்தேன். அன்றைக்கு ஏனோ பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கத் தோன்றியது.

வாசக சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். பாக்கெட்டில் 'சேர்மானங்கள்' என்று போட்டிருப்பதைப் படியுங்கள். எடை அதிகமுள்ள பொருளை முதலிலும், குறைந்ததைக் கடைசியிலும் போட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். என் கையிலிருந்த பாக்கெட்டில் முதலில் சர்க்கரை. இரண்டாவது திரவ குளுக்கோஸ், அதுவும் சர்க்கரைதான். தானியம் மூன்றாவது. படத்தில் சொட்டிய தேன் கடைசியிலிருந்து இரண்டாவது! முப்பது கிராம் பாரில் பதினோரு கிராம் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் என்றால் ஏறத்தாழ நாலு கிராம். ஆக, தினமும் பத்தே முக்காலுக்கு என் பிள்ளைக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். அது பசியை மூடிவிட, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவில் கீரையும் பருப்பும் பாதி பாதியாகத் திரும்பி வந்திருக்கிறது.

அத்தையின் அரை டம்ளர் டீயைப் பெரிதாகப் பேசினேனே, என் பங்கு அதைவிடக் குறைச்சலா? நீங்களே சொல்லுங்கள்!

அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் வீட்டிலேயே செய்வது என்று. ஆனால் பையனுக்கு உருண்டை ஆகாது. "பார் மாதிரி நீளமா இருக்கணும்மா, இல்லாட்டி எல்லாரும் சிரிப்பாங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். சரி, கடலை மிட்டாயும் பார்தானே! கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நிலக்கடலையும் வெல்லமும் இருந்தால் ஆயிற்று, இதில் என்ன பிரமாதம் என்று அடுப்பைப் பற்ற வைத்தேன்.

முதல் நாள் பாகு முறுகிவிட்டது. தட்டில் கொட்டியது கொட்டியபடியே இறுகிப் போயிற்று. கவிழ்த்துப் பூரிக்கட்டையால் தட்டியதில் தட்டுதான் நசுங்கியது, மிட்டாய் அசையவில்லை. "பத்திரமா எடுத்து வை, வாசல்ல படிக்கல்லு ஒண்ணு ஆடுது" என்றார் என் கணவர்.

இரண்டாம் முறை பயந்துகொண்டு சீக்கிரமே இறக்கிவிட்டேன். துண்டு போட்டால் உதிர்ந்தது. பையன் டப்பாவைத் திறந்தபோது உள்ளே இருந்தது புட்டு! அதை ஸ்பூனில்லாமல் சாப்பிட முடியாமல் அப்படியே திருப்பிக் கொண்டு வந்தான்.

மூன்றாம் நாள் வெல்லத்தை நறுக்கி வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றபோது பின்னால் அத்தையின் குரல்.

"பாகு வைக்கப் போறியா தாயி?"

"ஆமா அத்தை... வரவே மாட்டேங்குது."

"நான் வேணா பக்கத்துல நிக்கட்டுமா?"

அத்தைக்குக் கண் நீர் அழுத்த நோய் இருக்கிறது. ஓரப் பார்வை போய்விட்டது, எதிரில் இருப்பதும் மங்கல்தான். கை நடுக்கம் வேறு. கிளறுவதற்கு முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

"அடுப்பைக் கம்மியா வை. இப்ப என்ன சத்தம் கேக்குது சொல்லு."

"சலசலன்னு கேக்குது அத்தை."

"அது தண்ணிச் சத்தம். தண்ணி வத்தட்டும். கண்ணால பாக்காத, காதால கேளு."

கொஞ்ச நேரத்தில் சலசலப்பு அடங்கி, கொப்புளங்கள் பெரிது பெரிதாகக் கிளம்பிப் 'பொத்... பொத்...' என்று உடைய ஆரம்பித்தன. "ஆங், இப்ப கிண்ணத்துத் தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாரு" என்றார். உருட்டினேன். உருண்டு நின்றது, ஆனால் அமுக்கினால் அமுங்கியது. "உன் மிட்டாய்க்கு இது போதும், இறக்கிடு. இன்னும் கொஞ்சம் விட்டு, அந்த உருண்டையைத் தட்டுல போட்டா ணங்குனு சத்தம் வரும். அது பொருள்விளங்கா உருண்டைக்கு. அது உனக்கு ஆகாது. நீதான் சுத்தியல் வேணும்பியே."

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

2016-ம் வருஷம். பெரியவனுக்கு ஒரு வயதிருக்கும். அத்தை கிராமத்திலிருந்து பஸ்ஸில் ஒரு தூக்கு நிறையப் பொருள்விளங்கா உருண்டை கொண்டு வந்திருந்தார். பச்சைப்பயறும் அரிசியும் கோதுமையும் வறுத்து அரைத்து, பல்லுப் பல்லாகத் தேங்காய் போட்டு, சுக்கு தட்டிப் போட்டுப் பிடித்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். ஒன்றைக் கடித்துப் பார்த்த நான், "இதை ஒடைக்கச் சுத்தியல்ல வேணும் அத்தை!" என்று சொல்லிச் சிரித்தேன். அந்த அக்காவும் சிரித்தார். அத்தையும்கூடச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்த உருண்டையைக் கொண்டு வந்ததே இல்லை. கொண்டு வரவில்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை.

"அத்தை... அன்னிக்கு நான் வெளையாட்டாத்தான்..." என்று இழுத்தேன்.

"அட, அதுக்கென்ன. கல்லு மாதிரிதான் இருக்கும். வேணும்னுதானே அப்படிப் பிடிக்கிறது" என்றார். "எங்க வீட்டுல நாலு புள்ளைங்க. ஆளுக்கு ஒண்ணு குடுத்தா சப்பிச் சப்பி வெளக்கு வைக்கிற வரைக்கும் தின்னுவாங்க. மெத்துனு செஞ்சா ஆளுக்கு நாலு கேக்கும். நான் எங்க போவேன்? உங்க மாமா களத்துக்குப் போறப்ப வேட்டியில ரெண்டு முடிஞ்சிக்குவாரு. ஒரு மாசம் ஆனாலும் ஊசிப் போகாது."

தின்பண்டம் கல்லாக இருந்ததற்கு இத்தனை கணக்கு! அதைப் புரியாமல் சிரித்தவள் நான். டீ விஷயமாக நான் கத்தியதற்கும் சேர்த்து அன்றைக்கு அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "பாகு ஆறுது பாரு, மாவைப் போடு" என்றார் அத்தை.

அப்படி உருவானதுதான் எங்கள் வீட்டு மிட்டாய். அத்தையின் பச்சைப்பயறும் என் நிலக்கடலையும் கலந்தது. அளவைச் சொல்கிறேன், குறித்துக் கொள்ளுங்கள்.

நிலக்கடலை 150 கிராம், பச்சைப்பயறு வறுத்து அரைத்த மாவு 60 கிராம், எள் 35 கிராம், அவல் 40 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 80 கிராம், வெல்லம் 100 கிராம், நெய் இரண்டு ஸ்பூன், சுக்கும் ஏலமும் பொடித்தது கொஞ்சம்.

கடலையைக் குறைந்த தீயில் தோல் வெடிக்கும் வரை வறுத்து, ஆறியதும் தேய்த்துப் புடைத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். எள்ளைப் படபடவென்று பொரியும் வரை வறுக்க வேண்டும். அவலை வெறும் வாணலியில் மொரமொரவென்று வறுத்துக் கையால் நொறுக்கிக் கொள்ளுங்கள். பேரீச்சம்பழத்தைத் தண்ணீர் விடாமல் மசித்து எல்லாவற்றோடும் பிசிறி வையுங்கள். வெல்லத்தைக் கால் தம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நான் சொன்ன அமுங்கும் உருண்டைப் பதத்தில் இறக்கி, சூடாகவே கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்புங்கள். கிண்ணத்தின் அடிப்பாகத்தால் அழுத்தி அழுத்தித் தட்ட வேண்டும். இந்த அழுத்தத்தில்தான் சூட்சுமம். அழுத்தம் போதாவிட்டால் உதிரும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கத்தியால் இருபது துண்டு போட்டு, நன்றாக ஆறியபின் எடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் வைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் அதுவரை தாங்கினதில்லை!

கணக்குப் பார்த்தால் ஒரு துண்டில் 5 கிராம் வெல்லம், ஏறத்தாழ 3 கிராம் புரதம். பேரீச்சம்பழத்தின் இனிப்பு தனி. கடையில் வாங்கிய பாரைவிட இனிப்பு குறைவுதான். ஆனாலும் இது இனிப்புதான். ஒரு நாளைக்கு ஒரு துண்டுக்கு மேல் கிடையாது. பல்லில் ஒட்டும் பண்டமாகையால் தின்றபின் வாய் கொப்பளிக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் மிட்டாயைப் பற்றி டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஒன்றை வாங்கித் தின்றுவிட்டு, "ருசியா இருக்கு. ஆனா மிட்டாயை நம்பி சிரப்பை நிறுத்திடாதீங்க" என்றார். வெல்லத்தில் இரும்புச்சத்து கொட்டிக் கிடப்பதாக நாம் எல்லோரும் நம்புகிறோம். இருப்பது கொஞ்சம்தானாம், அதற்காக வெல்லத்தை அள்ளித் தின்றால் சர்க்கரைதான் அதிகம் சேருமாம். எள்ளிலும் பயறிலும் கீரையிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் உடம்பு அதைச் சுலபத்தில் ஏற்றுக்கொள்ளாது. கூடவே கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சை பிழிந்ததோ இருந்தால் நன்றாக ஏற்றுக்கொள்ளும். அதனால் மிட்டாயோடு இரண்டு கொய்யாத் துண்டும் டப்பாவில் ஏறியது. சிரப்பைப் பாலோடு கொடுக்கக் கூடாது, குடித்ததும் வாய் கொப்பளிக்காவிட்டால் பல்லில் கறை பிடிக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்கவே கூடாது. தொண்டையில் சிக்கி மூச்சு அடைத்துவிடும். என் சின்னவளுக்கு அப்போது மூன்று வயது. அவள் பங்குக்குக் கடலையை மாவாகவே அரைத்து, மெத்தென்று சின்னதாகப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினேன். வெல்லத்துக்குப் பதில் தேன் சேர்ப்பவர்கள், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்பதை மறக்காதீர்கள். பூசணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலையைச் சிக்கனம் பார்க்காமல் தூக்கி எறியுங்கள். பூசணத்து நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது.

மற்றொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பெரியவன் ஒரு நாள் மிட்டாயில் பாதியைப் பக்கத்துப் பையனுக்கு நீட்டியிருக்கிறான். "எனக்குக் கடலை ஒத்துக்காதுடா, உடம்பெல்லாம் தடிச்சுடும்" என்று அந்தக் குழந்தையே ஒதுங்கிக் கொண்டானாம். அதைக் கேட்டதும் எனக்குக் கை கால் உதறிவிட்டது. சிலருக்குக் கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகிவிடும். பகிர்ந்து தின்னச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். ஆனால் கடலைப் பண்டத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அன்றே சொல்லி வைத்தேன். டீச்சரிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். 11.7! சிரப்பும், பூச்சி மாத்திரையும், டீ நிறுத்தியதும், கீரையும் முட்டையும், ஒழுங்காகக் காலியான மத்தியானச் சாப்பாடும் சேர்ந்து செய்த வேலை. என் மிட்டாய் அதில் ஒரு சின்னப் பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். உடம்பில் இருப்புச் சேரட்டும் என்று சிரப்பை இன்னும் சில மாதம் தொடரச் சொன்னார் டாக்டரம்மா. டைரியில் டீச்சர் மறுபடியும் எழுதினார்: 'வகுப்பில் அதிகம் பேசுகிறான்.' புகார்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்!

அத்தைக்கு மறுபடியும் டீ போட்டுக் கொடுக்கிறேன். அவர் குடிக்கும்போது பேரன் பக்கத்தில் நெல்லிக்காயோடு உட்கார்ந்திருப்பான். பேச்சு மட்டும் பழையபடிதான்.

போன தீபாவளிக்கு அத்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பொருள்விளங்கா உருண்டை பிடித்தேன். பாகு ணங்கென்று சத்தம் கேட்கும் வரை விட்டு, கை பொறுக்க முடியாத சூட்டில் மாவைத் தொட்டுத் தொட்டு உருட்டியதில் இரண்டு உள்ளங்கையும் சிவந்துவிட்டன. இந்தச் சூட்டிலா நாலு பிள்ளைகளுக்கும் பிடித்தார், எனக்கும் ஒரு தூக்கு நிறையப் பிடித்துக்கொண்டு வந்தார்! முதல் உருண்டையை அத்தையின் கையில் வைத்தேன்.

தடவிப் பார்த்தார். காதோரம் வைத்து நகத்தால் தட்டிப் பார்த்தார். பொக்கை வாயில் ஒரு தரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார்.

"பதம் சரியா இருக்கு தாயி. ஆனா சுத்தியல் எங்க?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோவென்று குழந்தைகள் அடுப்படிக்கு ஓடி வந்துவிட்டார்கள். அம்மியில் வைத்துத் தட்டிப் பொடித்து, கொஞ்சம் பாலில் குழைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழித்துச் சாப்பிட்டார்.